விரலை எடுக்கும் முன் சொல்ல வேண்டியது

நகத்துக்கு அடியில் வரும் மெலனோமா என்னும் புற்றுநோயை, அது மேல்தோலைத் தாண்டாத நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டால், விரலை வைத்துக்கொண்டே நோயை அகற்ற முடியும். நகம், நகப்படுக்கை, நகவேர், சுற்றியுள்ள தோல் எல்லாவற்றையும் எலும்பு வரை எடுத்துவிட்டு, உடலின் வேறோர் இடத்துத் தோலை அங்கே ஒட்டுகிறார்கள். நகம் திரும்ப முளைக்காது. ஆனால் விரல் இருக்கும், மடங்கும், பற்றும். இப்படியொரு வழி உண்டு என்பதைச் சொல்லாமல் ஒரு நோயாளியின் விரலைத் துண்டிப்பது தவறு. தெரிந்தவர் செய்யும் தவறு என்பதால் அதன் கனம் இன்னும் கூடுகிறது. அதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்கிறோம்: நோய் ஆழத்தில் இறங்கிவிட்ட பிறகும் விரல்தான் பெரிது என்று பிடிவாதம் பிடிப்பதும், அந்தப் பிடிவாதத்துக்கு மருத்துவர் தலையாட்டுவதும் தவறு.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். காரோடு, குளத்தூர், தனுவச்சபுரம், குன்னத்துகால், வெள்ளறடை என்று தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்கும் ஊர்கள் இவை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இஞ்சிவிளை ஒரு மாநிலம், அடுத்திருக்கும் களியக்காவிளை வேறு மாநிலம் என்று ஆயிற்று. கோட்டுக்கு இருபுறமும் பிழைப்பு ஒன்றுதான். ரப்பர் பால்வெட்டு, கல்லுடைப்பு, கொத்தனார் வேலை, கடலோரத்தில் வலை, பாலராமபுரத்துப் பக்கம் தறி. எல்லாமே கைவேலை.

கைவேலையில் ஒரு விரலுக்கு என்ன மதிப்பு என்பதை ரப்பர் தோட்டத்தில் பார்க்கலாம். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகும் பால்வெட்டுத் தொழிலாளி, முதலில் முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பற்றி உரிக்கிறார். பிறகு கத்தியைச் சாய்த்துப் பிடித்துப் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கிறார். சற்று ஆழம் போனால் மரம் காயப்படும், அடுத்த பட்டை சீராக வளராது. சற்று மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. அந்த ஆழத்தைக் கணிப்பது கையின் அழுத்தம். அழுத்தத்தைத் தாங்குவது கட்டைவிரல். ஒரே காலையில் முந்நூறு மரங்களுக்கு இதையே செய்ய வேண்டும். தறியில் அறுந்த இழையை முடிபவருக்கும், குழித்தறியின் மிதியைக் காலால் அழுத்துபவருக்கும், மேற்பூச்சுக் கரண்டி பிடிக்கும் கொத்தனாருக்கும் இதே நிலைதான்.

கட்டைவிரல் போனால் கையின் திறனில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விடும் என்பது கை அறுவை மருத்துவர்களின் கணக்கு. வேலையிடத்து விபத்துகளுக்காக எழுதப்பட்ட 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் இழப்பை 30 சதவீத வருமானத் திறன் இழப்பாகவும், கட்டைவிரலின் நுனி எலும்பு போவதையே 20 சதவீத இழப்பாகவும் மதிப்பிட்டது. நக மெலனோமாவுக்காக இன்று கட்டைவிரலைத் துண்டிக்கும்போது பெரும்பாலும் போவது அந்த நுனி எலும்புதான். நோய்க்காக எடுத்தால் இழப்பீடு கிடைக்காது; ஆனால் கைக்கு நேரும் இழப்பு அதே இழப்பு. விரலைக் காப்பது அழகுக்கான ஏற்பாடு என்று நினைப்பவர்கள் இந்தச் சட்ட அட்டவணையை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த நோய் அரிது. இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் எல்லா வகை மெலனோமாவும் சேர்ந்தே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் காணப்படுகிறது. வெள்ளைத்தோல் மக்களிடம் வெயில்படும் இடங்களில் மெலனோமா மிகுதி. நம்மைப் போன்ற கருமைத்தோல் மக்களிடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. வெயில் அதற்கு முக்கியக் காரணம் இல்லை. அதிகம் தாக்கப்படுபவை கையின் கட்டைவிரலும் காலின் பெருவிரலும். அரிய நோய் என்பதாலேயே அதைச் சந்தேகிப்பவர்களும் அரிதாக இருக்கிறார்கள்.

சந்தேகிக்கத் தெரிந்துகொள்வது கடினமில்லை. நகம் வேரிலிருந்து வளர்கிறது. வேரில் ஒரு புள்ளியில் நிறமி உண்டானால், நகம் நீள நீள அது ஒரு கோடாக வெளியே வரும். பாவில் ஒரு கருநூல் இருந்தால் துணி நெடுகிலும் கரை ஓடுவதைப் போல. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். கால்நகம் அதில் பாதி வேகம்கூட இராது. கதவிடுக்கில் சிக்கி இரத்தம் கட்டியிருந்தால், அந்தக் கருமை சில மாதங்களில் நகத்தோடு நகர்ந்து வெளியேறிவிடும். கோடு அப்படி வெளியேறாது. வேரில் காரணம் இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும்.

கோடு கண்டவுடன் பதற வேண்டியதில்லை. கருமைத்தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் வருவது இயல்பு. கர்ப்பம், பி12 சத்துக்குறைவு, சில மருந்துகள், பூஞ்சை ஆகியவற்றாலும் வரும். குழந்தைகளுக்கு வருபவை பெரும்பாலும் தீங்கற்றவை. கவனிக்க வேண்டியது வேறு. நடுவயது தாண்டியவருக்கு ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்த கோடு, 3 மில்லிமீட்டரைத் தாண்டி அகன்றுகொண்டே போகும் கோடு, பல நிறங்கள் கலந்தது, ஓரம் கலைந்தது, நகத்தைப் பிளப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, நகத்தைத் தாண்டிச் சுற்றுத்தோலில் பரவும் கருமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சில நகக் கட்டிகளில் கருமையே இருக்காது. ஆறாத புண்ணாகவும் கசியும் சதையாகவும் மட்டுமே தெரியும். ஆறாத நகப்புண் எதையும் சாதாரணமென்று விடலாகாது.

நம் ஊர்களில் நடப்பது என்ன? விரல்நுனி கறுத்து வலித்தால் முதலில் அது நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தின் முனையை அறுத்து, உள்ளே துளைத்து, விரலைச் செருகி இரவெல்லாம் வைத்திருப்பார்கள். அடுத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார்கள். பிறகு மருந்துக்கடையில் ஒரு பூஞ்சைக் களிம்பு. அதற்கும் கேட்காவிட்டால் வர்ம ஆசானிடம் ஓர் எண்ணெய். கடைசியில் ஏதோ ஒரு சிறு மருத்துவமனையில் நகத்தைப் பிடுங்குவார்கள். இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. சுற்றுத்தோலில் பரவும் கருமை என்னும் இந்நோயின் முக்கிய அடையாளத்துக்குத் தன் பெயரைத் தந்திருக்கும் ஆங்கில அறுவை மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன், 1886-இல் இதைக் கருமையான நகச்சுற்று என்றே விவரித்தார். அவ்வளவு தூரம் இரண்டும் ஒத்திருக்கின்றன. ஆகவே எலுமிச்சம்பழம் செருகிய பாட்டியைக் குறை சொல்ல மாட்டோம். சில வாரங்களில் ஆறாததைக் கண்டும் களிம்பை மாற்றி மாற்றிக் கொடுத்தவரைக் குறை சொல்கிறோம். பிடுங்கிய நகத்தையும் அதனடியில் சுரண்டிய கருஞ்சதையையும் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பைத்தொட்டியில் போட்டவரைக் கண்டிக்கிறோம். அந்தத் தொட்டியில் விழுந்தது ஒரு மனிதரின் விரலைக் காக்கும் வாய்ப்பு.

பரிசோதனையிலும் முறை உண்டு. நகத்தின் முனையைக் கிள்ளி அனுப்பினால் போதாது. கோடு எங்கே பிறக்கிறதோ அந்த நகவேரில், விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தைத் திறந்து, தேவையான அளவு திசுவை எடுக்க வேண்டும். முன்னதாக டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால் கோட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். எடுத்த திசுவை நகத்திசு பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் மருத்துவர் படிக்க வேண்டும். விரல் தங்குமா போகுமா என்பது இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

முன்பு ஏன் எல்லோரும் விரலையே எடுத்தார்கள்? அதற்குக் காரணம் இருந்தது. உடலின் பிற இடங்களில் தோலுக்கு அடியில் கொழுப்பு உண்டு. கட்டி கீழே இறங்க நேரமாகும். நகத்தடியில் அந்தப் பஞ்சணை கிடையாது. நகப்படுக்கைக்குக் கீழே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் எலும்பு. ஆகவே எலும்போடு சேர்த்து எடுப்பதே பாதுகாப்பு என்று அன்றைய மருத்துவர்கள் கருதினார்கள். முற்காலத்தில் உள்ளங்கை எலும்பு வரைகூட வெட்டினார்கள். பிறகு, அவ்வளவு மேலே வெட்டியதால் யாரும் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்று தெரிந்தது. வெட்டும் இடம் கீழே இறங்கி நுனிமூட்டுக்கு வந்தது. அதற்கு அடுத்த படிதான் விரலையே விட்டுவைப்பது. மேல்தோலைத் தாண்டாத நிலையில் விரலை விட்டுவைத்தவர்களையும் துண்டித்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளிலிருந்து வந்துள்ளன. உயிர்பிழைப்பதில் துண்டித்தவர்களுக்கு மேலதிகப் பயன் இருந்ததாக அவை காட்டவில்லை. ஆழம் அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும் மெல்லிய கட்டிகளிலும் பல மையங்கள் இவ்வழியைக் கைக்கொள்கின்றன. ஜப்பானின் புற்றுநோய் மருத்துவ ஆய்வுக்குழு, எலும்பைத் தொடாத நக மெலனோமாவில் விரலைக் காக்கும் அறுவைக்கென்றே ஒரு மருத்துவ ஆய்வை மேற்கொண்டிருக்கிறது.

இந்த ஆய்வுகளின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானவை பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து எழுதப்பட்டவை. ஒவ்வொன்றிலும் நோயாளிகள் சிலரே. சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு கிடையாது. விரலை விட்டுவைத்தவர்களில் சிலருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியதுண்டு, சில நேரம் ஆண்டுகள் கழித்து. தோல் ஒட்டு ஆறத் தாமதமாகலாம். குளிரில் விரல் கூசலாம். விட்டுப்போன வேர்த்துணுக்கிலிருந்து நகமுள் முளைக்கலாம். இவை அனைத்தையும் நோயாளியிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் நம் தீர்ப்பு மாறவில்லை. காரணம் எளிது. ஆரம்ப நிலையில் முதலில் நகப்பகுதியை மட்டும் எடுத்து, அந்தத் திசு முழுவதையும் ஆய்ந்து, ஓரமும் அடியும் சுத்தம் என்று அறிக்கை வந்த பிறகு தோல் ஒட்டலாம். அறிக்கை வேறு மாதிரி வந்தால் துண்டிக்கும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். துண்டித்துவிட்ட பிறகு அறிக்கை நல்லதாக வந்தால் விரலைத் திரும்ப வைக்க வழியில்லை.

பாப் மார்லியின் கதையை எதிர்வாதமாகச் சொல்வார்கள். ஜமைக்காவின் அந்த மாபெரும் பாடகருக்கு 1977-இல் கால் பெருவிரலின் நகத்தடியில் மெலனோமா கண்டுபிடிக்கப்பட்டது. கால்பந்து ஆடியபோது பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. விரலைத் துண்டிக்க மருத்துவர்கள் சொன்னார்கள். தம் சமய நம்பிக்கையின்படி அவர் மறுத்தார். நகப்படுக்கையை மட்டும் எடுத்துத் தோல் ஒட்டினார்கள். நோய் மூளைக்கும் நுரையீரலுக்கும் பரவி, 1981 மே 11 அன்று 36 வயதில் அவர் இறந்தார். இந்தக் கதையின் பாடத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். மேல்தோலோடு நின்ற நோய்க்குப் பொருந்தும் அறுவையைப் பரவத் தொடங்கிய நோய்க்குச் செய்தால் உயிர் போகும். அறுவையைத் தீர்மானிக்க வேண்டியது நோயின் ஆழம். மருத்துவரின் பழக்கமோ நோயாளியின் ஆசையோ அங்கே நீதிபதியாக உட்காரக் கூடாது.

இனி ஒப்புதலுக்கு வருவோம். இந்த விவகாரத்தின் அறம் இங்கேதான் இருக்கிறது. நம் பகுதியில் வழக்கம் தெரியும். மூத்த மகனையோ மைத்துனரையோ தனியே அழைத்து, "கேன்சர், விரலை எடுத்தாகணும்" என்கிறார்கள். அவர் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். விரலுக்கு உரியவர் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "சின்ன ஆபரேஷன்தான் அப்பா" என்று அவரிடம் சொல்லப்படுகிறது. கட்டு அவிழ்க்கும் நாளில்தான் அவருக்குத் தெரியவருகிறது.

உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் இந்த வழக்கத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையையும் சூலகங்களையும், அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் சம்மதம் வாங்கி அகற்றியது செல்லாது என்று அது தீர்ப்பளித்தது. தன்னறிவோடு இருக்கும் வயதுவந்த ஒருவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் சம்மதமாகாது. சிகிச்சையின் தன்மை, பயன், பெரிய ஆபத்துகள், மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றோடு, மாற்று வழி இருந்தால் அதையும் மருத்துவர் சொல்லியாக வேண்டும் என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. ஆரம்ப நிலை நக மெலனோமாவில் விரலைக் காக்கும் அறுவை அத்தகைய மாற்று வழி. அதை மறைப்பது நாட்டின் சட்டத்துக்கும் புறம்பு.

சொல்வது புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளவும் அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. ஒரு மனுவுக்குத் தமிழில் பதில் கேட்க உரிமையுள்ள மக்களுக்கு, தங்கள் விரலைப் பற்றிய படிவத்தைத் தமிழில் படிக்க உரிமை இல்லையா? நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையிலும் பாறசாலை வட்ட மருத்துவமனையிலும் திருவனந்தபுரத்து உயர்சிகிச்சை மையங்களிலும் அறுவை ஒப்புதல் படிவம் மலையாளத்தோடு தமிழிலும் கிடைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அவருடைய மொழியில் வாய்விட்டுச் சொல்ல ஆள் வேண்டும்.

மருத்துவர்கள் தரப்பில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. விரலை விட்டுவைத்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் நோயாளி திரும்ப வந்து காட்ட வேண்டும். கூலிவேலை செய்பவர் வரமாட்டார். நோய் திரும்பினால் காலம் கடந்துவிடும். ஆகவே ஏழைக்குத் துண்டிப்பதே பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். இந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவை ஏற்க முடியாது. துண்டித்தவருக்கும் தொடர் கண்காணிப்பு தேவைதான். நிணநீர்க் கணுக்களில் நோய் தலைகாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலும், வசதி உள்ளவருக்கு விரலைக் காக்கும் வழி, இல்லாதவருக்குத் துண்டிப்பு என்று பிரிப்பது மருத்துவம் ஆகாது. நோயாளி வரமாட்டார் என்றால் அவரைத் தேடிப் போக ஆள் இருக்கிறார்கள். கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் சைலி செயலியோடு முப்பது வயது தாண்டியவர்களின் உடல்நிலையை வீடுவீடாகப் பதிவு செய்கிறார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் நடக்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கேட்கப் போகிறவர்கள், அறுவை முடிந்தவரின் விரலையும் பார்த்துவர முடியும்.

திறமை இல்லை என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை 1940-களின் இறுதியிலிருந்து தசைநார் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். கொல்லிமலையில் பிறந்த அந்த மருத்துவர், தொழுநோயில் விரல் போவது விதி என்ற நம்பிக்கையை உடைத்தார். உணர்ச்சியற்ற விரலில் காயம் கவனிக்கப்படாததே காரணம் என்று காட்டினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கெனத் தனித்துறை இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனை அறுபட்ட விரலை ஒட்டுவதில் பெயர்பெற்றது. எல்லைக் கிராமங்களுக்குத் திருவனந்தபுரமே பக்கம்: 1951-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், 1981 முதல் அதே வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையமும். பாறசாலையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தில் இவ்வளவும் இருக்கிறது. குமரி மாவட்டத்து மக்களும் பல ஆண்டுகளாக அங்கேதான் போகிறார்கள்.

இந்த மண் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் புதியதன்று. எவரெஸ்ட் ஏறப் போன அறுவை மருத்துவர் சோமர்வெல், மலையை விட்டு நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்து பல பத்தாண்டுகள் பணிசெய்தார். காரக்கோணத்தில் எல்லையோரமாக நிற்கும் மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதே நெய்யூரில் பணிபுரிந்த இயன் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்பவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். ஓர் எல்லைப்புற ஊரின் நோயாளிகளைக் கூர்ந்து பார்த்ததால் உலகுக்கு ஓர் உண்மை கிடைத்தது. அப்படிக் கூர்ந்து பார்ப்பது இன்று நகத்துக்கும் தேவை. கேரள அரசு 2025 பிப்ரவரி 4 அன்று புற்றுநோய் விழிப்புணர்வுப் பேரியக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் கட்டம் பெண்களின் மார்பகப் புற்றையும் கருப்பைவாய்ப் புற்றையும் முன்னிறுத்தியது. அது சரியான முன்னுரிமை. நக மெலனோமாவுக்காகத் தனி இயக்கம் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் பணியாளர் கேட்கும் கேள்விகளோடு ஒரு கேள்வி சேரட்டும்: "கை, கால் நகத்தில் புதிதாகக் கருங்கோடு உண்டா?" செலவில்லாத கேள்வி இது.

இனி ஒவ்வொருவர் மீதும் நம் தீர்ப்பைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆறாத நகப்புண்ணுக்குப் பரிசோதனையின்றி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பவர், அலோபதியானாலும் சித்தமானாலும் வர்மமானாலும், கடமை தவறியவர். கருத்த நகத்தடித் திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் எறிபவர் குற்றம் செய்கிறார். ஆழம் தெரியும் முன்பே துண்டிக்க நாள் குறிப்பவர் அவசரத்தால் அநீதி செய்கிறார். நோய் ஆழ்ந்திருக்கிறது என்று தெரிந்தும், விரலைக் காக்கிறேன் என்று ஆசைகாட்டிப் பணம் வாங்குபவர் அவரைவிட மோசமானவர். தந்தைக்குத் தெரியாமல் கையெழுத்திடும் மகன் அன்பினால் செய்தாலும் தந்தையின் உரிமையைப் பறிக்கிறார். இவ்வளவு பேருக்கும் பொறுப்பை வகுத்துத் தராத இரண்டு அரசுகளும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

அரசுகளிடம் நாம் கேட்பவை சில. வட்ட மருத்துவமனைகளில் தோல் மருத்துவர் அமரும் நாளில் ஒரு டெர்மோஸ்கோப் அவர் கையில் இருக்கட்டும். நகத்திலிருந்து எடுக்கும் திசு எதுவானாலும் நோய்க்குறியியல் ஆய்வுக்குப் போவது விதியாகட்டும். விரலைத் துண்டிக்கும் முன், அவசர நிலை தவிர, தோல் மருத்துவர், புற்றுநோய் அறுவை மருத்துவர், கை அல்லது பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் மூவரும் சேர்ந்து பார்த்து எழுதிய கருத்து நோயாளியின் கோப்பில் இருக்கட்டும். எல்லை தாண்டி வரும் நோயாளியின் காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது என்ற கேள்வி, அவருடைய விரல் தங்குமா என்பதைத் தீர்மானிக்காமல் இருக்கட்டும்.

வாசகர்களுக்கு ஒரு சொல். இன்று குளிக்கும்போது கை, கால் நகங்கள் இருபதையும் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் நகங்களையும் பாருங்கள். ஒரே நகத்தில் புதிய கோடு இருந்து அது அகன்றுகொண்டிருந்தால், எலுமிச்சம்பழத்தையும் களிம்பையும் விட்டுவிட்டு இந்த மாதமே தோல் மருத்துவரிடம் போங்கள். விரலை எடுக்க வேண்டும் என்று சொன்னால் பயந்து ஓடிவிடாதீர்கள். உடனே தலையும் ஆட்டாதீர்கள். "எவ்வளவு ஆழம் போயிருக்கிறது டாக்டர்? விரலை வைத்துக்கொண்டு எடுக்க வழி உண்டா?" என்று கேளுங்கள். வழியில்லை, உயிருக்கு ஆபத்து என்று காரணத்தோடு சொன்னால் விரலைக் கொடுத்து உயிரைக் காத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லாமல் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்துப் போடாதீர்கள்.